ஆறே நாளில் ஏற்கப்பட்ட கட்டுரை

குரோனிங்கன் நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தில், மூன்றாவது மாடியில், காபி இயந்திரத்துக்கும் குடை மாட்டும் கம்பிக்கும் நடுவே கேசினா போல்ஹௌஸின் மேசை இருந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்தவர்கள் அவளிடம் வருவார்கள். இதை எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம், இந்த இதழ் நம்பத் தகுந்ததுதானா, இவர்கள் கேட்கிற வெளியீட்டுக் கட்டணம் நியாயம்தானா என்று கேட்பார்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகம் தர வேண்டுமானால் படிவத்தின் அடியில் கேசினாவின் கையெழுத்து விழ வேண்டும். அதனால் அவளைப் பிடிக்காதவர்கள்கூட அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

இந்த வேலைக்கென்று அவள் படித்தவள் அல்ல. பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு மெத்தைக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் சேர்ந்தாள். பதினோரு வருஷம் காதில் தொலைபேசியோடு உட்கார்ந்து, மெத்தையில் குழி விழுந்த கதையையும், மெத்தை வந்து சேர்ந்தும் மாடிப்படியில் ஏறாத கதையையும் கேட்டாள். ஒரு நாள் கம்பெனியே குழியில் விழுந்தது. பிறகு நூலகக் கவுண்டரில் வேலை கிடைத்தது. அச்சிட்டு வந்த ஆய்விதழ்களைப் பிரித்து, முத்திரை குத்தி, அலமாரியில் அடுக்குவாள். இதழ்களெல்லாம் இணையத்துக்குப் போய்விட்டபோது அடுக்குவதற்கு ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து நிர்வாகம் பதிப்பு ஆலோசனைப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியது. அது என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. கேசினா சும்மா இருக்கிறாளே என்று அவளைத் தூக்கி அதில் போட்டார்கள்.

அந்தப் பிரிவுக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. இதழுக்கு முகவரி இருக்கிறதா, ஆசிரியர் குழு இருக்கிறதா, கட்டணத்தை முன்கூட்டியே சொல்கிறார்களா, ஆய்விதழ்களைப் பட்டியலிடும் எந்தெந்தத் தொகுப்புகளில் இதழ் இடம்பெற்றிருக்கிறது, இப்படி இருபது கேள்வி. கேசினா அதையும் நிரப்புவாள். நிரப்பி முடித்ததும் தொலைபேசியைக் கையில் எடுப்பாள்.

"எதுக்கு போன்? அதான் பட்டியல் இருக்குல்ல?" என்று அவளுடைய மேலாளர் ஒருமுறை கேட்டார்.

"அந்தப் பட்டியல இந்த மோசடிக்காரங்களும் படிச்சிருக்காங்க. அதுல என்னென்ன கேக்குதோ அதையெல்லாம் வாசல்ல தொங்க விட்டுட்டுத்தான் கடையே தொறக்குறாங்க. போன் அடிச்சா யாராவது எடுக்குறாங்களா, அதைப் பாக்கணும்."

மேலாளர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவருக்குத் தொலைபேசி என்றாலே பயம்.

அந்த மார்ச் மாதத்தில், ஜன்னல் கண்ணாடியில் ஆலங்கட்டி மழை பொரிந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, வுப்போ டெக்கர் அரைக்கால் சட்டையோடு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தான். வுப்போவுக்கு முப்பத்துநான்கு வயது, உருளைக்கிழங்கு ஆராய்ச்சியாளன். கிழங்குச் செடியின் தண்டு அடியில் கறுத்து அழுகிப்போகும் நோய்தான் அவன் பாடம். வருஷம் முழுக்க வயலில் முட்டிபோட்டு நிற்கிறவனுக்கு முழுக்கால் சட்டை எதற்கு என்பது அவன் கட்சி. அவனுடைய வேலை ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. அதற்குள் இன்னொரு கட்டுரை வெளிவந்தால் நீட்டிப்பார்கள் என்று துறைத் தலைவர் கோடி காட்டியிருந்தார்.

"கேசினா, ஒரே ஒரு கையெழுத்து. ரெண்டே நிமிஷம்," என்று படிவத்தை மேசையில் வைத்தான். முகமெல்லாம் சிரிப்பு. "கட்டுரைய ஏத்துக்கிட்டாங்க!"

"ஓ, வாழ்த்துக்கள்! எப்போ அனுப்புனீங்க?"

"போன புதன்கிழமை."

கேசினா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "போன புதன்கிழமையா? இன்னிக்குச் செவ்வாய்."

"ஆமா, ஆறே நாள்! அவ்வளவு பிடிச்சுப்போச்சு அவங்களுக்கு."

"ஆறு நாள்ல எனக்கு ஒரு சோபாகூட வந்து சேந்ததில்ல, வுப்போ. யாரு இவங்க?"

'அகில உலக வேர்ப்பயிர் ஆய்விதழ்' என்று பெயர். கணினியில் திறந்து காட்டினான். பளபளவென்று இருந்தது இணையதளம். பச்சை வயல், மேலே எழும் சூரியன், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சோதனைக் குழாயைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பெண். கீழே லண்டன் முகவரி. ஆசிரியர் குழுவில் இருபத்துமூன்று பேராசிரியர்கள், புகைப்படத்தோடு. கட்டணம் இரண்டாயிரத்து நூறு யூரோ. வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் ஆயிரத்து அறுநூறு.

"மதிப்பீட்டாளருங்க என்ன எழுதியிருக்காங்க?"

வுப்போ அவர்கள் எழுதியதைத் திறந்து காட்டினான். இரண்டு மதிப்பீட்டாளர்கள். ஒருவர், 'மிகச் சிறந்த கட்டுரை, மேற்கோள்கள் சேர்க்கவும்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'மிகச் சிறந்த கட்டுரை' என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

"உங்க அம்மாவ விட நல்லவங்களா இருக்காங்களே," என்றாள் கேசினா.

"கட்டணம் கேட்டாலே மோசடியா? பெரிய பெரிய இதழெல்லாம் கேக்குது."

"கேக்குறதுல தப்பே இல்ல. போன வாரம்கூட இதைவிட ரெண்டு மடங்குக்குக் கையெழுத்து போட்டேன். ஆனா அவங்க கட்டுரைய அஞ்சு மாசம் வச்சு அலசிட்டுத்தான் பணத்தைப் பத்திப் பேச்செடுத்தாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா தள்ளுபடின்னு சொல்லல. தள்ளுபடி மெத்தைக்குத்தான் குடுப்பாங்க. ஒரு நாள் குடுங்க, போன் போட்டுப் பாக்குறேன்."

மறுநாள் காலையில் சீஸ் வைத்த ரொட்டித் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேசினா வேலையைத் தொடங்கினாள். லண்டன் எண் அடித்துக்கொண்டே இருந்தது. ஆசிரியர் குழுவின் முதல் பெயர் ஜெர்மனியில், கீல் நகரத்தில். அந்தப் பேராசிரியர் உடனே எடுத்தார். கேசினா இதழின் பெயரைச் சொன்னதும் வெடித்தார்.

"என் பேர எடுங்கடான்னு நாலு தடவ எழுதிட்டேன்! நாலு தடவ! ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிப் பதில் வருது. பேரு மட்டும் அப்படியே இருக்கு. போட்டோ வேற மாத்தியிருக்காங்க. அது நானே இல்ல!"

இரண்டாவது பெயர் ஆஸ்திரியாவில். கொடுத்திருந்த எண்ணை அழைத்தால் ஒரு நீச்சல்குளத்துக்குப் போனது. வரவேற்பில் இருந்த பெண், பேராசிரியரெல்லாம் இல்லை, வேண்டுமானால் முதியோர் நீச்சல் வகுப்பில் இடம் இருக்கிறது என்றாள். மூன்றாவது பெயருக்குக் கொடுத்திருந்த எண்ணே புழக்கத்தில் இல்லை. நான்காவது பேராசிரியர் எடுத்தார், தன்னைக் கேட்காமல் சேர்த்திருப்பது தெரியும், தன் பெயர் ஒரு இடத்திலாவது இருக்கட்டுமே என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். கேசினாவுக்கு அவர்மீது கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

ஐந்தாவது பெயர் தியூனிஸ் ப்ளூம்ஹோஃப். ஸ்வோல்லெ ஊரைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற கிழங்கு நோய் நிபுணர். வுப்போவின் கட்டுரையைப் பார்த்து முடிவு சொல்லும் பகுதி ஆசிரியர் என்று அவர் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். பழைய தொலைபேசிப் புத்தகத்தில் எண் இருந்தது. ஒரு வயதான பெண் எடுத்தாள்.

"ப்ளூம்ஹோஃப் வீடு. அடுப்புல பட்டாணி சூப் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க."

"மன்னிக்கணும்மா. பேராசிரியர் தியூனிஸ் ப்ளூம்ஹோஃப்கூடப் பேசணும்."

"பேச முடியாதும்மா. அவர் போய் ஏழு வருஷமாகுது."

கேசினா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு, எதற்காக அழைத்தாள் என்பதை மெதுவாகச் சொன்னாள்.

"இருங்க, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்," என்றாள் அந்தப் பெண். திரும்பி வந்து, "ஏம்மா, அவர் இப்பவும் வேலை பாத்துக்கிட்டா இருக்கார்?" என்று கேட்டாள். "உசிரோட இருக்கும்போது ஒரு கட்டுரைய மூணு மாசம் வச்சு, ஓரமெல்லாம் பென்சில்ல திட்டி எழுதுவார். இப்போ ஆறே நாள்ல முடிக்கிறாரா? அங்க போய்த் திருந்திட்டார் போல!"

அவள் பெயர் ஹெண்ட்ரிக்யே, வயது எண்பத்தொன்று. சிரித்து முடித்த பிறகு அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. கணவருடைய மின்னஞ்சல் பெட்டியை இன்னும் மூடவில்லையாம். வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பாளாம். 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களே' என்று எங்கிருந்தெல்லாமோ கடிதம் வந்துகொண்டே இருக்குமாம். அவரை இன்னும் மாண்புமிகு என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்களே என்று அவளும் விட்டுவைத்தாளாம்.

அன்று பிற்பகலில் கேசினா வுப்போவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நீச்சல்குளம் வரைக்கும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். செத்துப்போன ஆசிரியர் என்றதும் முகம் சிவந்தது.

"ரெண்டு மூணு பேரு தப்பா இருக்கலாம். எல்லா இதழ்லயும் பட்டியல் பழசாத்தான் இருக்கும்."

"வுப்போ, அஞ்சு பேருக்கு அடிச்சேன். ஒருத்தர் திட்டுறார், ஒருத்தர் நீச்சல்குளம், ஒருத்தர் இல்லவே இல்ல, ஒருத்தர் பரிதாபம், ஒருத்தர் காலமாயிட்டார்."

"ஜூலைல எனக்கு வேலை போகும். அது தெரியுமா உங்களுக்கு? நீங்க ஒரு கட்டுரையாவது எழுதியிருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு?"

காபி இயந்திரத்தின் முன் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதல," என்றாள் கேசினா. "ஆனா ஏமாந்துட்டோம்னு அழுறவங்க குரல பதினோரு வருஷம் கேட்டிருக்கேன். கையெழுத்து போட மாட்டேன்."

அவன் படிவத்தை உருவிக்கொண்டு போனான். கேசினா மீதி வேலையை முடித்துவிட்டு, எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அவளுடைய கணவன் ஹார்ம், நகரப் பேருந்து ஓட்டுநர். கேரட்டும் வெங்காயமும் போட்டு மசித்த கிழங்கைத் தட்டில் போட்டபடி என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டான். சொன்னாள்.

"நான் இருபத்தேழு வருஷமா பஸ் ஓட்டுறேன். ஒரு பஸ்கூடச் செஞ்சதில்ல," என்றான் ஹார்ம். "எவனும் அதைக் கேட்டதில்ல. சாப்பிடு, ஆறிடும்."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. திங்கட்கிழமை காலையில் கேசினா மாடியேறி வரும்போது வுப்போ அவளுடைய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் காபி.

"என்னாச்சு?"

"அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க." ஒரு காபியை அவளிடம் நீட்டினான். "வீட்டுக்குப் போய் நானே மூணு பேருக்கு போன் அடிச்சேன். ஒருத்தர் பல் டாக்டர், கிழங்குன்னா பொரிச்சுச் சாப்பிடத்தான் தெரியும்ன்னார். அதனால கட்டுரைய திரும்ப எடுத்துக்குறேன்னு எழுதினேன்."

"நல்ல காரியம்."

"பதில் வந்துது. திரும்ப எடுக்க எழுநூறு யூரோ கட்டணமாம்."

கேசினா காபியைக் கீழே வைத்தாள்.

சிக்கல் எழுநூறு யூரோவோடு முடியவில்லை. ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பது எல்லோரும் மதிக்கிற விதி. அகில உலகத்தார் விடாத வரைக்கும் வுப்போ அதை வேறெங்கும் அனுப்ப முடியாது. பணம் கட்டாமலே அவர்கள் அதை வெளியிட்டுவிட்டால் இரண்டு வருஷ உழைப்பு அந்தப் பளபளப்புக்குள் போய்ப் புதைந்துவிடும். நல்ல இதழ் எதுவும் பிறகு அதைத் தொடாது.

கேசினா முதலில் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். பிறகு மரியாதை குறைத்து ஒன்று. இணையதளத்தின் மூலையில் 'உதவட்டுமா?' என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப்பார்த்தது. அமீலியா என்று பெயர். அரை மணி நேரம் அமீலியாவோடு மல்லுக்கட்டினாள்.

"எங்கள் கட்டுரையாளரை மதிக்கிறோம் என்கிறது," என்று வாசித்தாள் வுப்போவுக்கு. "கட்டணம் கட்டினால் உடனே விடுவிக்கிறோம் என்கிறது. உன் மேலாளரைக் கூப்பிடு என்றேன். கட்டணம் கட்டினால் உடனே விடுவிக்கிறோம் என்கிறது. நீ மனுஷிதானா என்றேன். நல்ல கேள்வி என்கிறது."

"விடுங்க கேசினா. எழுநூறையும் என் கையிலிருந்து கட்டிடறேன்."

"ஒரு காசு கட்டக் கூடாது. அந்த ஏத்துக்கிட்ட கடிதத்தைக் காட்டுங்க, முழுசா."

கடிதத்தின் கடைசிப் பத்தி பொடி எழுத்தில் இருந்தது. இதுவரை யாரும் அதைப் படிக்கவில்லை. 'இந்த ஏற்பு, பகுதி ஆசிரியரின் இறுதி ஒப்புதலுக்கு உட்பட்டது. கட்டுரை வந்து சேர்ந்த பதினான்கு நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் ஒப்புதல் தரப்பட்டதாகக் கொள்ளப்படும்.'

பகுதி ஆசிரியர் யார்? தியூனிஸ் ப்ளூம்ஹோஃப். இறந்து ஏழு வருஷம் ஆனவர். அவரிடமிருந்து மறுப்பு எப்படி வரும்? இந்த ஏற்பாட்டுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடைப்பாரா? கேசினா நாட்களை எண்ணினாள். பன்னிரண்டாவது நாள்.

உடனே ஸ்வோல்லெக்கு அழைத்து, வுப்போவுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள். "அம்மா, சூப் வேளையா?"

"இல்லம்மா, இன்னிக்கு ரொட்டிதான். சொல்லு."

"உங்க வீட்டுக்காரர் மின்னஞ்சல் பெட்டியில, அந்த வேர்ப்பயிர் இதழ்லேருந்து ஏதாவது வந்திருக்கா? கருந்தண்டு அழுகல்னு தலைப்பு இருக்கும்."

விசைப்பலகையை ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. நீண்ட நேரம். வுப்போ நகத்தைக் கடித்தான்.

"இருக்கு. மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, தங்கள் மேலான முடிவுக்கு... ரெண்டு பொத்தான் இருக்கும்மா. ஒண்ணு பச்சை, ஒப்புதல். ஒண்ணு சிவப்பு, நிராகரிப்பு. கீழ ஒரு கட்டத்துல கருத்து எழுதணுமாம்."

கேசினாவும் வுப்போவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, நான் உங்கள எதுவும் செய்யச் சொல்லல," என்றாள் கேசினா. "பொய் சொல்லவும் வேண்டாம். ஆனா அவர் பேர வச்சு நடக்குற காரியம் இது. அவங்களுக்கு நீங்க என்ன சொல்லணுமோ, அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."

"நீ பேசிக்கிட்டே இரு, நான் எழுதிட்டே இருக்கேன்," என்றாள் ஹெண்ட்ரிக்யே. எழுத எழுத உரக்க வாசித்தாள். "ஐயா, நான் தியூனிஸோட மனைவி ஹெண்ட்ரிக்யே. தியூனிஸ் இறந்து ஏழு வருஷம் ஆகுது. அதனால அவர் இந்தக் கட்டுரையப் படிக்கல. படிக்காத எதுக்கும் அவர் ஒப்புதல் குடுத்ததே இல்ல. அவர் சார்பா நான் வேணாங்குறேன். அவர் பேரையும் எடுத்துடுங்க. போதுமா?"

"போதும்மா."

"எந்தக் கலரு?"

"சிவப்பு!" என்று வுப்போ கத்தினான்.

"யாரது, கத்துறது?"

"அதுதான் கட்டுரை எழுதுனவர்."

"ஐயோ பாவம். தம்பி, மனசு விட்டுடாதப்பா. அமுக்குறேன்."

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. வுப்போவின் கைபேசி ஒலித்தது. அவன் உரக்க வாசித்தான். 'அன்புள்ள டாக்டர் டெக்கர். பகுதி ஆசிரியர் பேராசிரியர் தியூனிஸ் ப்ளூம்ஹோஃப் தங்கள் கட்டுரையை மிகக் கவனமாக ஆராய்ந்தார். அது எங்கள் உயர்ந்த தரத்தை எட்டவில்லை என்பதைத் தெரிவிக்க வருந்துகிறோம். தாங்கள் இதை வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.'

ஹெண்ட்ரிக்யே எழுதியதை அங்கே ஒருவரும் படிக்கவில்லை. எந்தப் பொத்தான் என்பதை மட்டும் இயந்திரம் பார்த்திருக்கிறது. கட்டுரை நிராகரிக்கப்பட்டதற்காக ஓர் ஆராய்ச்சியாளன் நூலகத்தில் குதித்ததை மூன்றாவது மாடி அன்றுதான் பார்த்தது. கேசினா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே உணவகத்திலிருந்து ஆப்பிள் கேக் வந்தது. எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் வுப்போ கடிதத்தைக் காட்டினான். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கேக் சாப்பிட்டார்கள்.

அடுத்து எங்கே அனுப்புவது? கேசினா ஒரு பெயர் சொன்னாள். 'கிழங்கும் நிலமும்.' டென்மார்க்கில் ஒரு சங்கம் நடத்துகிற இதழ். வுப்போ இணையதளத்தைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். சாம்பல் நிறப் பின்னணி, நீலத்தில் அடிக்கோடிட்ட எழுத்து, மேலே கோணலாக ஒரு கிழங்குப் படம்.

"இதை யாரு செஞ்சது? என் தாத்தாவா?"

"எனக்கும் மொதல்ல பிடிக்கல. மூணு வருஷம் முன்னாடி சந்தேகப் பட்டியல்ல போட்டிருந்தேன். அதோட ஆசிரியர் அம்மா நேரா எனக்கு போன் போட்டு, எங்க இதழ்ல எந்தக் கட்டுரை மோசம், ஒண்ணு காட்டுன்னாங்க. நாலு விஞ்ஞானிகளக் கூட்டிட்டு வந்து காட்டச் சொன்னேன். யாராலயும் காட்ட முடியல. இருங்க."

எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னணியில் ஏதோ எந்திரம் ஓடியது.

"போதில் ஸ்கோவ்கோர் பேசுறேன். டிராக்டர நிறுத்துறேன், இருங்க." சத்தம் நின்றது. "ம், யாரு?"

"குரோனிங்கன்லேருந்து கேசினா."

"அட, என்னை மோசடிக்காரின்னு எழுதுனவளா! எப்படி இருக்க?"

போதில்தான் அந்த இதழின் ஆசிரியர். வாரத்தில் மூன்று நாள் ஆய்வகம், மீதி நாள் சொந்த வயல். கட்டணம் ஏதும் இல்லை, சங்கத்துச் சந்தாவிலேயே ஓடுகிறது. ஆனால் மதிப்பீட்டுக்கு ஏழு மாதம் ஆகும் என்றார்.

"ஜூலைக்குள்ள முடியாதா?" என்று வுப்போ தொலைபேசிப் பக்கம் குனிந்து கேட்டான்.

"முடியாது தம்பி. ஜூன்ல யாரும் மேசையிலயே இருக்க மாட்டாங்க, எல்லாரும் வயல்ல இருப்பாங்க. நீ எங்க இருப்ப ஜூன்ல?"

"வயல்லதான்," என்று ஒப்புக்கொண்டான்.

அன்றே அனுப்பினான். ஜூலை வந்தது. துறைத் தலைவர் கையை விரித்தார், ஒப்பந்தம் முடிந்தது. வுப்போ தன் சோதனை வயல்களின் குறிப்பேடுகளை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனதைக் கேசினா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் அவனுக்கு வேலை நிலைத்திருக்குமோ என்று இரண்டு மூன்று நாள் அவள் மனசை அரித்தது. ஹார்மிடம் சொன்னாள். அவன் வெளியே போய், வெங்காயம் தூவிய ஹெர்ரிங் மீன் இரண்டு வாங்கிவந்து கொடுத்தான்.

அக்டோபரில் வுப்போ தொலைபேசியில் வந்தான்.

"மதிப்பீடு வந்திருச்சு. நாலு பக்கம்! தோலை உரிச்சிட்டாங்க."

"என்ன எழுதியிருக்காங்க?"

"மூணாவது அட்டவணையில ரெண்டு வயல மாத்திப் போட்டிருக்கேன். மணல் நிலத்துக் கணக்கு கரிசல் பக்கம், கரிசல் கணக்கு மணல் பக்கம். முதல் வரியிலேயே கண்டுபிடிச்சிட்டாங்க. மணல் நிலத்துல குளிர்காலத்துல ஓட்ஸ் விதைச்சா அழுகல் குறையும்னு எழுதியிருந்தேன்ல? குறையுது, ஆனா கரிசல் நிலத்துலதான், மணல்ல இல்ல. அங்க அதிகமாகுது."

"அப்படின்னா?"

"அப்படின்னா, அந்த ஆறு நாள் இதழ்ல வந்திருந்தா மணல் நிலத்து விவசாயி அதைப் படிச்சிட்டு ஓட்ஸ் விதைச்சிருப்பான். இருந்த செடியும் போயிருக்கும். கேசினா, எனக்கு வேர்த்துப்போச்சு."

கட்டுரையைத் திருத்த அவனுக்கு ஆறு வாரம் ஆயிற்று. பகலில் வேறு வேலை இருந்தது. விதைக்கிழங்குகளைச் சோதிக்கிற ஒரு நிறுவனத்தில் பரிசோதகனாகச் சேர்ந்திருந்தான். வயல் வயலாகப் போய் நோய்ச் செடியைப் பிடுங்கச் சொல்வது வேலை. சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம், ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியும் இல்லை. விவசாயிகள் கண்டபடி திட்டுகிறார்கள் என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது, சாம்பல் நிறப் பின்னணியில், கோணல் கிழங்குக்குக் கீழே.

நூலகத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. சரிபார்ப்புப் பட்டியலில் இருபத்தொன்றாவது கேள்வியாக, 'ஆசிரியர் குழுவில் குறைந்தது மூவரோடு பேசியாயிற்றா?' என்று மேலாளரே சேர்த்தார். பேசுகிறவர் கேசினா என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவைத்தார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கேசினாவும் வுப்போவும் ரயிலேறி ஸ்வோல்லெ போனார்கள். ஹெண்ட்ரிக்யே கூப்பிட்டிருந்தாள். கணவரின் மின்னஞ்சல் பெட்டியை ஒழுங்கு பண்ண வேண்டும், தனியாகச் செய்ய மனசு வரவில்லை என்று சொல்லியிருந்தாள். சின்ன வீடு, ஜன்னல் விளிம்பு முழுக்கப் பூந்தொட்டி. வுப்போவின் அரைக்கால் சட்டையைப் பார்த்து, "உனக்குச் சம்பளம் பத்தலயா தம்பி, முழுசா துணி வாங்க?" என்று கேட்டுவிட்டுக் காபி ஊற்றினாள்.

கணினியைத் திறந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேல் கடிதங்கள். மாநாட்டுக்கு வாருங்கள், கட்டுரை தாருங்கள், ஆசிரியராக இருங்கள். கேசினா ஒவ்வொரு இதழின் பெயரையும் வாசிப்பாள், வேண்டாம் என்பாள், ஹெண்ட்ரிக்யே ஒற்றை விரலால் அழிப்பாள். முதல் நூறு வரைக்கும் ஒவ்வொன்றையும் நின்று பார்த்து அழித்தாள். பிறகு வேகம் வந்துவிட்டது.

மதியம் தாண்டி ஒரு கடிதத்தில் வுப்போ, "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றான்.

அதில் மாண்புமிகு இல்லை. 'ஐயா வணக்கம்' என்று தொடங்கியது. ஆப்பிரிக்காவில் லெசோத்தோ நாட்டு மலைப் பகுதியில் வேளாண் அலுவலராக இருக்கும் பலேசா என்ற பெண் மூன்று வருஷத்துக்கு முன் எழுதியிருந்தாள். தியூனிஸின் பழைய கட்டுரை ஒன்றைப் படித்தாளாம். விதைக்கிழங்கைச் சேமிக்கிற அறையின் வெப்பத்தைப் பற்றி அதில் சொல்லியிருப்பது உயரமான மலைக்கும் பொருந்துமா, தங்கள் ஊரில் அப்படிச் செய்தும் கிழங்கு அழுகுகிறது, எங்கே தவறு செய்கிறோம் என்று கேட்டிருந்தாள்.

ஹெண்ட்ரிக்யே கண்ணாடியைக் கழற்றினாள். "உண்மையான கடிதம்," என்றாள். "இத்தனை குப்பைக்கு நடுவுல கிடந்திருக்கு. நான் எப்படிப் பாக்காம விட்டேன்? அவர் இருந்தா அன்னிக்கே எழுதியிருப்பார்."

"என்ன எழுதியிருப்பாருன்னு எனக்குத் தெரியும்மா," என்றான் வுப்போ. "நான் எழுதட்டுமா? என் பேர்ல, உங்க பெட்டியிலேருந்து."

அவள் நாற்காலியை அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். அவன் முதலில் தியூனிஸ் இறந்துவிட்டதை எழுதினான், பதில் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டான். பிறகு அறை எத்தனை அகலம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கிழங்கைச் சாக்கில் வைக்கிறீர்களா தட்டிலா என்று கேள்வி மேல் கேள்வியாக அடித்துக்கொண்டே போனான். கேசினா இரண்டாவது கோப்பைக் காபியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஹெண்ட்ரிக்யே அவன் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தாள், இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினாள்.

"அனுப்பவா?" என்று கேட்டான் வுப்போ.

"இன்னொரு தடவ படி," என்றாள் அவள்.

படித்துவிட்டு அனுப்பினான்.